முன் கண்ணாடியில் ஒரு சாட்சி

கார் வைத்திருப்போர் பலர் இப்போது முன் கண்ணாடியின் உட்புறத்தில் சிறியதொரு காமிராவைப் பொருத்தியிருக்கக் காண்கிறோம். டேஷ்கேம் என்பது அதன் பெயர். வண்டி ஓடுமளவும் எதிரே நிகழ்வதை அது பதிந்துகொண்டே வரும். ரஷ்ய நாட்டில் இவ்வழக்கம் பரவியிருந்தமையால், 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த விண்கல்லை உலகமே படத்தில் கண்டது. விண்கல்லைப் பிடிக்கவென்று எவரும் காமிரா வாங்கவில்லை. விபத்து நேர்ந்தால் பொய்ப் பழியிலிருந்து தப்பவே வாங்கினர்.

அந்தத் தேவை நம் நாட்டிலும் உண்டு. இரு வண்டிகள் மோதினால் கூட்டம் கூடிவிடும். பெரிய வண்டியின் மேல்தான் குற்றம் என்று விசாரணைக்கு முன்பே தீர்ப்பும் ஆகிவிடும். தவறான திசையில் வந்தவர் யார், சிவப்பு விளக்கை மீறியவர் யார் என்பதைப் பதிவு காட்டிவிடும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயரும் நசுங்கிய தகட்டைப் பார்த்து நடந்ததை ஊகிக்க வேண்டியதில்லை.

ஆனால் காமிராவை மாட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். மோதலின் அதிர்வை உணர்ந்து அந்தப் பகுதியை மட்டும் காத்துவைக்கும் கருவிகள் உண்டு; எனினும் அதை நம்பியிராமல் மெமரி கார்டை உடனே கழற்றிப் பத்திரப்படுத்துவதே நன்று. கருவியில் நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் நகலைத் தாக்கல் செய்வதாயின், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியில் பதிவைத் தருபவரும், மற்றொன்றில் வல்லுநர் ஒருவரும் கையொப்பமிடுவர். மூலக் கார்டைத் தொலைத்துவிட்டு, கைபேசியில் சுற்றி வந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போவதில் பயன் குறைவு.

பதிவில் காணப்படுவது காருக்குரியவரின் குற்றமேயானால்? கார்டை வீசிவிடும் எண்ணம் எழக்கூடும். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளை வாய்க்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. மேலும், மறைப்பதால் மிஞ்சுவது யாருடைய பணம்? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் இன்ஷூரன்சைக் கட்டாயமாக்கியுள்ளது. ஓட்டுநர் உரிமமும் பாலிசியும் முறையாக இருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை நிறுவனமே செலுத்தும். ஆகவே கார்டை வீசுபவர் தம் பணத்தைக் காத்துக்கொள்ளவில்லை. அடிபட்ட கூலியாளின் வீட்டுக்குப் போகவேண்டியதைத் தடுக்கிறார். போலீஸ் வழக்கைப் பற்றிய அச்சம் மெய்யானதே. அதை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆயினும் அந்த அச்சத்துக்கான விலையை ஓர் ஏழைக் குடும்பம் கொடுப்பது நியாயமன்று.

இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி எதுவென்றே தெரியாதபோது நிலைமை இன்னும் கொடியது. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள திட்டப்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயமுற்றவருக்கு 50,000 ரூபாயுமே கிடைக்கும். வண்டி இன்னதென்று தெரிந்துவிட்டாலோ, குற்றத்தை நிரூபிக்காமலேயே 164ஆம் பிரிவின்கீழ் முறையே 5 லட்சமும் 2.5 லட்சமும் கோரலாம். அல்லது ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து, இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தீர்ப்பாயத்தில் அதனினும் மிகுதியாகக் கேட்கலாம். இத்தனை வேறுபாட்டுக்கும் காரணம் ஒரு நம்பர் பலகை. பின்னால் சென்ற வேறொருவரின் காமிராவில் அது பதிந்திருக்கலாம்.

வம்பு எதற்கு என்று அவர் வீடு போய்ச் சேர்கிறார். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவருள் முதலாமவர் ஒரு குருவே. எனவே பிறரைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை குறைவு. விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கும் 134அ பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டத்தில் சேர்க்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

தினமும் ஓடும் வண்டியில் சில நாட்களுக்குள்ளேயே பதிவு அழிந்துவிடக்கூடும். வழியில் விபத்தொன்றைக் கண்டிருந்தால், அன்றிரவே கார்டை எடுத்துப் பாருங்கள். எண் தெரிந்தால் மறுநாட்காலையில் அப்பகுதிக் காவல் நிலையத்தில் தெரிவித்து, மூலக் கார்டைத் தனியே எடுத்து வையுங்கள். வண்டிக்கு வேறு கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.