பாட்டியின் அம்மா பேர் என்ன?



உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அம்மா பேர் என்ன? சட்டென்று சொல்ல முடிகிறதா? தாத்தாவின் அப்பா பேரை இனிஷியலாவது காப்பாற்றிக் கொடுக்கிறது. பாட்டி வழிக்கு அந்த ஒற்றை எழுத்தும் கிடையாது.

மகனின் கல்யாணத்துக்காக ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கச் சொந்த ஊர்ப் பங்குக்குப் போயிருந்தார் நண்பர் ஒருவர். உபதேசியார் பீரோவிலிருந்து பழைய திருமணப் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினாராம். பூச்சி அரித்த பக்கம், பழுப்பேறிய மசி. அதில் அவருடைய பாட்டியின் கல்யாணம்! பெண்ணின் அப்பா, அம்மா, சொந்தப் பங்கு எல்லாம் இருந்தது. சாட்சி கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பாட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கோயில் நோட்டு மறக்காமல் வைத்திருந்தது.

தம்பதி, சாட்சிகள், தேதி, இடம் எல்லாவற்றையும் பங்குச்சாமி எழுதிவைக்க வேண்டும் என்று 1563-லேயே கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. கம்பெனி காலத்தில் சென்னை மாகாண ஆங்கிலிக்கன் கோயில்களின் பதிவு நகல்கள் லண்டனுக்கும் போயின. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும்தான்.

இப்போது உலகெங்கும் இத்தகைய ஏடுகளைப் படம் பிடித்து, பேர்களைத் தொகுத்து இண்டெக்ஸ் போடுகிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் தேடலாம். ஆனால் பேரைத் தட்டி, வரவில்லை என்றதும் மூடிவிடாதீர்கள். லத்தீனில் எழுதிய சாமியாருக்கு நம் ராயப்பன் ‘பேத்ருஸ்’, சின்னப்பன் ‘பவுலுஸ்’, சூசை ‘யோசேபுஸ்’. மங்கிய கையெழுத்தைப் பார்த்து டைப் செய்தவரும் தடுமாறியிருப்பார். அதனால் ஊர், வருஷம், துணையின் பேர் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். கிடைத்தால் மூலப் பக்கத்தின் படத்தையும் திறந்து பாருங்கள். சாட்சிகள் பேர் பெரும்பாலும் இண்டெக்ஸில் ஏறாது. சாட்சி நிற்பவர் யார்? அநேகமாகத் தாய்மாமனோ சித்தப்பாவோதானே!

கத்தோலிக்கராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒருவருக்குக் கல்யாணம் ஆனால், அந்த விவரத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது 1908 முதல் நடைமுறை. ஓரத்துக் கிறுக்கலைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

உங்கள் பங்கின் ஏடு நெட்டில் இல்லையா? நம் ஊரில் பல ஏடுகள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. பங்கு அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள். அதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் ஒரே கேள்வி: “உங்க கல்யாணத்துக்கு எந்தெந்தக் கோயில்ல ஓலை வாசிச்சாங்க?” கல்யாணத்தை அறிவிக்கும் மூன்று ஓலையும் பெண் வீட்டுப் பங்கிலும் மாப்பிள்ளை வீட்டுப் பங்கிலும் வாசிப்பார்கள் அல்லவா? அந்தப் பதிலே உங்களுக்கு முகவரி.

நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது. தாத்தா, பாட்டி பேர்களுக்கு மேலே புதிதாக ஒரு பெண் பேர். இத்தனை தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பேர் அது.

அன்புடன்,
ஆசிரியர்