ஒருபுறம் தேய்ந்த டயர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. காற்று வாங்க வருவோர் அங்கே செருப்பைத் தேய்க்கலாமேயன்றி டயரைத் தேய்க்க இயலாது. இந்த நல்ல ஏற்பாட்டை மனத்திற்குள் மெச்சியவாறே ஒரு நாள் நாம் வீடு திரும்பினோம். வாசலில் நமது தமக்கையின் புதல்வன் மோட்டாரின் முன் சக்கரத்தைக் கழற்றித் திண்ணையில் சாய்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, பங்க்சரா?" என்று கேட்டோம்.

"பங்க்சரானால் பரவாயில்லையே, மாமா! இதைப் பாருங்கள். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. விற்றவன் நன்றாக ஏமாற்றிவிட்டான்!"

குனிந்து பார்த்தோம். டயரின் உட்புறத்தில் பட்டன்கள் புதுக் கருக்கு மாறாமல் இருந்தன. வெளி ஓரமோ வழவழவென்று மொட்டையாகி, ஓரிடத்தில் ரப்பருக்கு அடியிலிருந்த நூல்கூட எட்டிப் பார்த்தது. ஒரே டயரில் பாதி குமரனாகவும் பாதி கிழவனாகவும் இருந்த அந்த விசித்திரத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டோம்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பாருக்குச் சொந்தமான பந்தய மைதானம் ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திய அக்கிளப்பார், 1990-ல் இந்த மைதானத்தைத் திறந்தார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். சொந்த மோட்டார் வைத்திருப்போர் பணம் கட்டி அதில் ஓட்டிப் பார்க்கச் சில நாட்களில் அனுமதி உண்டு. நமது மருமகன் இருமுறை போய் வந்திருக்கிறான். இரண்டாம் முறை திரும்பும்போது கிளியனூர் அருகே நல்ல மழை. எதிரே பஸ் வரக் கண்டு பிரேக்கை அழுத்தியிருக்கிறான். வண்டி நிற்காமல் ஒரு பக்கமாக வழுக்கி ஓடி, ரஸ்தாவின் ஓரத்து மண்ணில் போய் நின்றது. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும், தாயார் காதில் விழாதபடி நம்மிடம் மெதுவாகச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அதற்குள் தமக்கையாரே வெளியே வந்துவிட்டார். டயரை ஒருமுறை பார்த்தார். நம் காலையும் பார்த்தார்.

"விற்றவனை ஏன் வைகிறாய்? உன் மாமன் செருப்பைப் புரட்டிப் பார். முப்பது வருஷமாக வலது குதிகாலின் வெளி ஓரந்தான் தேய்கிறது. அதற்குச் செருப்புக் கடைக்காரனா ஜவாப்தாரி? நடை அப்படி!"

நமக்குச் சற்று ரோஷம் வந்தது. ஆயினும் செருப்பைக் கழற்றிப் பார்த்தோம். தமக்கையார் சொன்னது சத்தியம்.

டயர் சாஸ்திரத்தின் முதற் பாடமும் இதுவேதான். தேய்வு என்பது டயரின் குற்றமன்று. பாரம் எங்கே விழுந்தது என்பதற்கு டயர் எழுதிக்கொடுக்கும் சாட்சிப் பத்திரம். ஒவ்வொரு டயரும் உள்ளங்கை அகலமே தரையைத் தொடுகிறது. மோட்டார் வேகமாக வலப்பக்கம் திரும்புகையில் அதன் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. உடலும் சாய்வதால், இடது முன் டயர் நிமிர்ந்து நிற்க மாட்டாமல் தன் வெளித் தோளின்மேல் உருள்கிறது. ஊர் ரஸ்தாவில் இது கண நேரச் சங்கதி. பந்தய மைதானத்திலோ சுற்றுக்குச் சுற்று அதே திருப்பங்கள், அதே பக்கம். நமது மருமகன் ஓட்டிய சுற்றில் வலப்பக்கத் திருப்பங்களே அதிகம். ஆகவே இடது முன் டயரின் வெளி ஓரம் நான்கு பேர் வேலையைத் தனியே செய்து மாண்டது.

அனுபவமற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே இத்தகைய சங்கடம் நேர்வதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். பிரெஞ்சு தேசத்து மிஷலின் சகோதரர்கள், நமது ஊரில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1895-ல், காற்றடைத்த டயர்களைப் பூட்டிய மோட்டாரைப் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் ஓட்டிக் காட்டியவர்கள். அத்தனை அனுபவம் வாய்ந்த அவர்களுடைய கம்பெனியே 2005-ல் அமெரிக்காவில் திகைத்து நின்றது. இண்டியானாபொலிஸ் மைதானத்தின் கடைசித் திருப்பம் கிண்ணத்தின் ஓரம்போல் சரிந்திருக்கும். ஃபார்முலா ஒன் வண்டிகள் அதில் முழு வேகத்துடன் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பாரமெல்லாம் இடப்பக்க டயர்களின்மேல். ஜூன் 17-ஆம் தேதி ஒத்திகையில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் கெட்டு, வண்டி சுவரில் மோதியது. அவ்வாண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே புது டயர் மாட்டவும் இடமில்லை. 19-ஆம் தேதி, மிஷலின் டயர் பூட்டிய 14 வண்டிகளும் ஆயத்தச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. மீதி 6 வண்டிகளே ஓடின. அவற்றுள் ஒன்றை ஓட்டி நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் பாரத நாட்டார் ஒருவர் முதன்முதல் பெற்ற 5 புள்ளிகள் அவை.

எதிரிகள் ஓடாத பந்தயத்தில் வந்த புள்ளிகள்தாமே என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். டயர் தாங்குமா என்பதும் பந்தயத்தின் ஒரு பகுதியே. தாங்காத டயரை நம்பி ஓட மறுத்தவர்களையும் நாம் கோழைகள் என்று சொல்லத் துணியோம். கிளியனூர் மழைக் கதையைக் கேட்ட பிறகு அந்த எண்ணம் நமக்கு இன்னும் உறுதிப்பட்டது.

நிற்க, பரிகாரம் என்ன? மைதான வேலையில் பழகிய நமது நண்பராகிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சொன்னவற்றை வாசகர்களின் பிள்ளைகளுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, காற்று. காற்றுக் குறைந்தால் டயரின் இரு ஓரமும் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஓட்டத்தின் சூட்டில் காற்றழுத்தம் தானே ஏறும். காலையில் 30 பவுண்டு வைத்தது சில சுற்றுகளில் 36-ஐத் தாண்டுவதுண்டு. ஆகவே வண்டி நின்றவுடன், சூடு ஆறுமுன் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். டயரின் தோளில் சாக்குக் கட்டியால் கோடிட்டு அனுப்புவது எளிய உபாயம். திரும்பி வந்தபின் கோடு எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் டயர் புரண்டிருக்கிறது.

இரண்டாவது, சூடு. டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்றிடத்திலும் உஷ்ணமானியால் பார்ப்பார்கள். வெளி ஓரம் மட்டும் கொதித்தால் சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்ந்திருப்பது போதவில்லை என்று பொருள். இந்தச் சாய்வைக் காம்பர் என்பார்கள். அதைச் சற்று அதிகப்படுத்தினால் திருப்பத்தில் டயர் முழு அகலமும் தரையில் படியும். ஆனால் அதே வண்டியை மற்ற நாட்களில் ஊருக்குள் ஓட்டினால் உள் ஓரம் தேயத் தொடங்கும். வருஷத்தில் இரண்டு நாள் மைதானம் போகிறவன் காம்பரில் அளவோடு நிற்பதே விவேகம். உள்ளங்கையால் தடவும்போது டயர் ரம்பப் பல்லைப்போல் நெருடினால், சக்கரங்கள் நேராகப் பார்க்கவில்லை; அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இடமாற்றம். உழைத்த டயரை ஓய்வான இடத்துக்கு மாற்றுவது. டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டிப் போட்டால் தேயாத உள் ஓரம் வெளியே வரும். ஆனால் இன்ன பக்கம் வெளியே என்று குறித்த டயரைப் புரட்டலாகாது. அம்புக்குறி உள்ள டயரைப் புரட்டினால் வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றியாக வேண்டும்.

"நாலாவதுதான் முக்கியம், தம்பி," என்றார் நண்பர். "முன் சக்கரம் வழுக்கும்போது என்ன செய்தீர்கள்?"

"ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தேன்."

"அங்கேதான் ரப்பர் போயிற்று. வழுக்கும் டயரை மேலும் ஒடித்தால் அது திரும்பாது. தரையில் தேய்ந்துகொண்டே போகும். நேராக ஓடும்போதே பிரேக் போட்டு, மெதுவாக நுழைந்து, ஸ்டியரிங்கைப் பிரித்துக்கொண்டே வேகம் எடுங்கள். கடைசிச் சுற்றை ஆறுதலாக ஓட்டி டயரை ஆறவிடுங்கள். டயரைக் காப்பாற்றுகிறவன்தான் கடைசிச் சுற்றிலும் வேகமாக ஓட்டுவான்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "இந்த டயரைப் புரட்டிப் போட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடாதா?" என்று கேட்டான்.

நண்பர் வெளித்தெரிந்த நூலை விரலால் தொட்டுக் காட்டினார். பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆனதும் டயரை மாற்ற வேண்டும் என்பது விதி. அதைக் காட்டவே பள்ளத்தினுள் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். அளக்கும்போது நடுவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எங்கே மிகவும் தேய்ந்திருக்கிறதோ அதுவே கணக்கு. நூல் தெரிந்த பின்னர் அளவுகோலுக்கே வேலையில்லை. அதில் இன்னொரு மழை நாளை நம்பி ஓடுவது உயிரை அடகு வைப்பதாகும்.

"மழையில் இதை வைத்துக்கொண்டா வந்தாய்?" என்றார் தமக்கையார்.

பதிலே வரவில்லை. அவர் மேலே ஒன்றும் கேட்காமல் உள்ளே சென்று, பீரோவிலிருந்து பணத்தை எடுத்து வந்து பையன் கையில் வைத்தார். "நாளைக்கே இரண்டு டயர் வாங்கு. அடுத்த முறை போகும்போது மாமனையும் அழைத்துப் போ. திரும்பி வருமுன் டயரைப் பார்த்துச் சொல்லட்டும்," என்றார்.

அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டோம். சாக்குக் கட்டி ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறோம். கடற்கரைக்குப் புறப்படுமுன் நமது செருப்பின் வெளி ஓரத்திலும் ஒரு கோடு போட்டுப் பார்த்தோம். திரும்பி வருவதற்குள் அது முழுதும் அழிந்திருந்தது.