எரிந்த பிஸ்டனை மாற்றினால் போதுமா?

ஜக்கூர் விமானத் திடலிலிருந்து எழும்பும் சிறு பயிற்சி விமானத்துக்கு உள்ளது ஒரே எஞ்சின். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த அத்திடலை இன்று பல்லாரி சாலை மேம்பாலமும் அடுக்குமாடிகளும் சூழ்ந்துவிட்டன. எழும்பிய ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின் நின்றால், இறங்க இடம் தேடும் மாணவனுக்குக் கீழே தெரிவது கூரைகளே. ஆகவே, அந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் எப்படி எரிகிறது என்பது மெக்கானிக்குக்கு மட்டும் உரிய கவலை அன்று.

சிலிண்டரில் பொறி பட்டதும் கலவை சீராகப் பரவி எரிய வேண்டும். அப்படி எரிந்துகொண்டிருக்கும்போதே, மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் ஒரேயடியாக வெடித்தால் அது டெட்டனேஷன். கார் ஓட்டுவோர் 'நாக்' என்பது இதைத்தான். விமானத்தின் இரைச்சலில் அந்தச் சத்தம் காதில் விழாது! பொறி விழுமுன்பே, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஏதோ ஒன்று கலவையைப் பற்றவைத்துவிட்டால் அது பிரீ-இக்னிஷன். இது இன்னும் கொடியது. சிறிது நேரத்திலேயே பிஸ்டனை உருக்கி ஓட்டை போட்டுவிடும்.

இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பெருந்தவறு. மணலை வாரி அடித்தது போல் பிஸ்டனின் ஓரம் பொரிந்திருந்தால் பெட்ரோலின் தரம், மாக்னெட்டோவின் நேரம், குளிர்காற்று செல்லும் வழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நடுவில் உருகியிருந்தால் வெடித்த பிளக் பீங்கான், படிந்த கரி, கருகிய வால்வு விளிம்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். முதல் நோய் முற்றி இரண்டாவதில் முடிவதும் உண்டு. காரணத்தைத் தேடாமல் பிஸ்டனை மட்டும் மாற்றி அனுப்பினால், புதுப் பிஸ்டனும் அதே வழிதான் போகும்.

பெங்களூருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம், காற்று மெலிவு. சாதாரண எஞ்சின் இங்கே முழு பலத்தை எட்டாது. அதுவே ஒரு காப்பு. வெயில் நாளில் பெட்ரோலைக் குறைத்து எழும்பிப் பழகியவர், சென்னையில் கடற்காற்றின் அடர்த்தியிலும் அப்படியே செய்தால் ஆபத்தை அழைப்பார். என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-3 விமானத்தின் ரோடாக்ஸ் 914 டர்போ எஞ்சினுக்கோ அந்த உயரத்தின் காப்பும் கிடையாது.

ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் தனித்தனியே பதியும் கருவி இப்போது கிடைக்கிறது. 1958-இல் பறந்த எச்.ஏ.எல். புஷ்பக் காலத்தில் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. சிலிண்டர் தலையின் சூடு விறுவிறுவென ஏற, புகைபோக்கியின் சூடு மட்டும் இறங்கினால் பிரீ-இக்னிஷன் என்று சந்தேகிக்கலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு என்றால் பிளக்கையோ பெட்ரோல் அடைப்பையோ பார்க்கலாம். எல்லாவற்றிலும் என்றால் பெட்ரோலையும் ஓட்டியவரின் கைப்பழக்கத்தையும் விசாரிக்க வேண்டும்.

பயிற்சி விமானம் ஒவ்வொன்றிலும் இக்கருவி இருக்க வேண்டும். செலவு என்று கை விரிப்பவர்கள் ஓர் எஞ்சினின் விலையை எண்ணிப் பார்க்கட்டும். 2022 முதல் வடோதரா ஆலையிலேயே தயாராகும் ஏவ்காஸ் பெட்ரோலில் நாக்கைத் தடுப்பது ஈயம். உலகம் அந்த ஈயத்தைக் கைவிட முனைந்துள்ளது. பெட்ரோல் மாறும் நாளில், பழைய பதிவு கையில் இல்லாத மெக்கானிக் எதை எதனோடு ஒப்பிடுவார்? 100 மணி நேரப் பரிசோதனையில் எண்ணெயைப் பார்ப்பது போல் இந்தப் பதிவையும் பார்க்கட்டும். அப்போது மாணவனும் பக்கத்தில் நிற்கட்டும்.