பிழையான சீட்டில் ஒரு கையொப்பம்

மூத்த வீரர்களுக்கான போட்டிகளைப் பற்றி எழுதுவோருக்கு மாறாத தொனி ஒன்று வாய்த்திருக்கிறது. நரைத்த தலைகள், தளர்ந்த முழங்கால்கள், பழைய நட்பு, சாயும் வெயில். அமெரிக்காவின் சீனியர் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் குறித்த எழுத்துகளிலும் பெரும்பாலும் இதே தொனிதான். ஐம்பது வயது நிரம்பிய தொழில்முறை கோல்ஃப் வீரர்களுக்கான பெரும்போட்டிகளுள் இதுவே பழமையானது என்ற பெருமிதத்தில் தொடங்கி, வென்றவர்களின் பெயர்களை அடுக்கி, ஒரு பெருமூச்சில் முடியும். அந்தப் பெருமூச்சோடுதான் எனக்கு வழக்கு.

வரலாற்றின் வெளிக்கோடு எளிமையானது. 1937இல், பாபி ஜோன்ஸின் அழைப்பின் பேரில், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நேஷனல் மைதானத்தில் முதல் போட்டி நடந்தது. அம்மன்றத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் போர்ன் கோப்பையை வழங்கினார். 1921இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்த ஜாக் ஹட்சிசன் முதல் வெற்றியாளர். பின்பு போட்டி ஃபுளோரிடாவுக்குப் பெயர்ந்தது. 1964க்கும் 1973க்கும் இடையே சாம் ஸ்னீட் ஆறு முறை வென்றார். கடைசி முறை பதினைந்து அடிகள் வித்தியாசத்தில். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஸ்னீடின் ஆட்டம் மறுப்புக்கு அப்பாற்பட்டது.

ஆனால் இந்தப் பட்டியலுக்கு ஒரு முன்னுரை உண்டு. அதை யாரும் அச்சிடுவதில்லை. போட்டியை நடத்தும் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் வீரர்கள் சங்கம், 1934இல் தன் விதிகளில் வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று எழுதிச் சேர்த்தது. அது நீக்கப்பட்டது 1961 நவம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை இக்கோப்பை வழங்கப்பட்டிருக்கிறது. அதாவது, சிறந்த முதியவர் யார் என்ற கேள்விக்கு, பாதிக் கதவை அடைத்துவிட்டு விடை கண்டிருக்கிறார்கள். ஓர் இலக்கியத் தொகுப்பாளர் ஒரு சாராரின் எழுத்தைப் படிக்கவே மறுத்துவிட்டுத் தன் நூலுக்கு 'மிகச் சிறந்தவை' என்று பெயரிட்டால் நாம் சும்மா இருப்போமா?

'அது அந்தக் காலத்து வழக்கம். இன்றைய அளவுகோலால் அளக்காதே' என்பார்கள். இந்த வாதம் கேட்பதற்கு நிதானமாக இருக்கும், உண்மையாக இராது. 1896இல் ஷின்னகாக் ஹில்ஸில் நடந்த யு.எஸ். ஓப்பனில் ஜான் ஷிப்பன் என்ற பதினாறு வயதுக் கறுப்பின இளைஞர் ஆடினார். உடன் ஆடினால் விலகுவோம் என்று வெள்ளை வீரர்கள் மிரட்டியபோது, அன்றைய அமெரிக்க கோல்ஃப் சங்கத் தலைவர் தியடோர் ஹேவ்மையர் இணங்கவில்லை. ஷிப்பனும், ஷின்னகாக் பழங்குடியைச் சேர்ந்த ஆஸ்கர் பன்னும் மட்டுமே மிஞ்சினாலும் போட்டி நடக்கும் என்றார். நடந்தது. ஆக, 1896இல் திறந்திருந்த கதவு 1934இல் மூடப்பட்டது. 1916இல் பிறந்த சங்கம் பதினெட்டு ஆண்டுகள் எழுதாத விதியை உட்கார்ந்து யோசித்து எழுதியது. மரபென்று சொல்லி இதை மன்னிக்க இயலாது, இது தீர்மானம்.

1937இல் ஹட்சிசன் கோப்பையைக் கையில் ஏந்தியபோது ஷிப்பன் ஐம்பத்தெட்டு வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நியூ ஜெர்சியில், கறுப்பினத்தவர் நடத்திய ஷேடி ரெஸ்ட் மன்றத்தில் பயிற்றுநராக இருந்தார். வயது பொருந்தியது, தொழில் பொருந்தியது, தோல் பொருந்தவில்லை. சீனியர் பி.ஜி.ஏ. வரலாற்றின் முதல் பக்கத்தில் ஹட்சிசனுக்கு அருகே இருந்திருக்க வேண்டிய பெயர் அது.

அடுத்த தலைமுறை சும்மா இருக்கவில்லை. பில் ஸ்பில்லரும் டெட் ரோட்ஸும் 1948இல் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். இனிப் பாகுபாடு இல்லை என்று வாக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்ட சங்கம், பொதுப் போட்டிகளை 'அழைப்புப் போட்டிகள்' என்று பெயர் மாற்றியது. அழைப்பு யாருக்குப் போகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் விதி விழுந்ததற்குக் காரணம் மனசாட்சியும் அன்று. கலிபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்குரைஞர் ஸ்டான்லி மாஸ்க், இந்த விதியோடு எங்கள் மாநிலத்தில் போட்டி நடத்த முடியாது என்று நெருக்கினார். சங்கம் முதலில் செய்தது, 1962ஆம் ஆண்டின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பென்சில்வேனியாவுக்கு மாற்றியது. அதன் பிறகே விதியைக் கைவிட்டது.

1975இல் சார்லி சிஃபோர்ட் சீனியர் பி.ஜி.ஏ. கோப்பையை வென்றார். வயது ஐம்பத்திரண்டு. சிறுவனாக வட கரோலினாவில் பிறருடைய ஆட்டப்பையைச் சுமந்தவர். கறுப்பின வீரர்களின் தேசியப் போட்டியை ஆறு முறை வென்றவர். விதி தளரும்போது முப்பத்தொன்பதை எட்டியிருந்தவர். 1967இலும் 1969இலும் முதன்மைச் சுற்றில் இரு வெற்றிகளைப் பெற்ற பின்னும் அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டிக்கு ஒருமுறைகூட அழைக்கப்படாதவர். அவர் வெற்றியைக் காட்டி, 'பார், சரியாகிவிட்டது' என்போர் உண்டு. எது சரியானது? மற்றவர்களுக்கு முதியோர் போட்டி என்பது வாழ்ந்த வாழ்வின் பின்குறிப்பு. சிஃபோர்டுக்கோ மறுக்கப்பட்ட இளமைக்குக் கிடைத்த சில்லறை. ஒரே கோப்பைதான், ஏந்திய கைகளுக்கு அதன் எடை ஒன்றல்ல. அகஸ்டாவில் பிறந்து அங்கேயே பை சுமந்து வளர்ந்த ஜிம் டென்ட்டைப் பாருங்கள்: முதன்மைச் சுற்றில் ஒரு வெற்றியும் இல்லை, மூத்தோர் சுற்றில் பன்னிரண்டு. இதையெல்லாம் ஏக்கத்தின் மொழியில் எழுத முடியாது. திரும்பிப் பார்த்து ஏங்குவதற்கும் ஒரு கடந்தகாலம் வேண்டுமே!

கோல்ஃப் தன்னைக் கண்ணியவான்களின் ஆட்டம் என்று சொல்லிக்கொள்கிறது. தன் தவறைத் தானே அறிவித்துத் தண்டனை ஏற்பது அதன் அறம். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்ஸோ, பதினேழாம் குழியில் மூன்றுக்குப் பதில் நான்கு என்று உடன் ஆடியவர் எழுதியிருந்ததைக் கவனியாமல் சீட்டில் கையொப்பமிட்டார். ஆயிரமாயிரம் கண்கள் மூன்றைப் பார்த்திருந்தன. ஆனாலும் நான்கே நின்றது. ஓர் அடியில் வாய்ப்பு பறிபோனது. அதே டி விசென்ஸோதான் 1974இல், சிஃபோர்டுக்கு முந்தைய ஆண்டில், சீனியர் பி.ஜி.ஏ.யை வென்றார்.

ஷிப்பன், ஸ்பில்லர், ரோட்ஸ் மூவருக்கும் சங்கம் உறுப்பினர் தகுதி வழங்கியது, 2009இல். மூவரும் இறந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. நல்லது. ஆனால் வெற்றியாளர் பட்டியல் அப்படியே இருக்கிறது. பெயர்களை அழிக்கச் சொல்லவில்லை. ஹட்சிசன் அடித்த அடிகள் அவருடையவையே. 1961 வரையிலான பெயர்களின் தலைமாட்டில், இவை யாரை விலக்கி ஆடப்பட்ட போட்டிகள் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். ஒரு தனி மனிதனின் ஒற்றை இலக்கப் பிழையை மன்னிக்காத ஆட்டம், தான் கையொப்பமிட்ட சீட்டையும் ஒருமுறை சரிபார்க்கட்டும்.