காபி என்ற பெயரில் ஒரு லார்ஜ்

நான் மதுவிலக்குப் பிரசாரத்துக்கு வரவில்லை. ஐரிஷ் காபி நல்ல பானம். சான் பிரான்சிஸ்கோ பக்கம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் ரசித்துக் குடித்திருக்கிறேன். என் சண்டையெல்லாம் அதைக் ‘காபி’ என்று சொல்லி நீட்டுகிறவர்களோடு.

அங்கே ஒரு நண்பர் வீட்டு விருந்து. சாப்பாட்டுக்கு முன் விஸ்கி நீட்டியபோது, “வண்டி ஓட்டணும், வேண்டாம்” என்று மறுத்தார் ஒரு விருந்தாளி. சாப்பாடு முடிந்ததும் அதே மனிதர் கையில் ஐரிஷ் காபி. “காபிதானே! தூக்கம் வராது, தெம்பா ஓட்டலாம்” என்றார் வீட்டுக்காரர். குடித்த பத்தாவது நிமிஷம் மனைவி, குழந்தையோடு கிளம்பினார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார், அது அதிர்ஷ்டம். நான் வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

கணக்குப் பாருங்கள். பார்களில் வழக்கமான அளவு 50 மில்லி விஸ்கி, 120 மில்லி காபி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, மேலே 50 மில்லி கிரீம். நம்மூர் லார்ஜுக்குப் பத்து மில்லிதான் குறைவு. வீட்டிலோ அளவுக் கோப்பை ஏது? பாட்டிலைச் சாய்ப்பதுதான்.

“சூட்டில் ஆவியாகிவிடும்” என்பார்கள். அடுப்பில் வைத்துச் சமைத்தாலே முழுக்கப் போவதில்லை. கோப்பையில் ஆறுவதற்குள் எவ்வளவு போய்விடும்? “காபி போதையைத் தெளியவைக்கும்” என்பார்கள். காபி தூக்கத்தைத்தான் விரட்டும். ரத்தத்தில் கலந்ததைக் கல்லீரல்தான் கரைக்க வேண்டும், அதுவும் தன் நிதானத்தில். போதை குறையாது, தெளிந்துவிட்டோம் என்ற நினைப்புதான் கூடும். அந்தக் காரணத்துக்காகத்தான் 2010-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், காஃபீன் சேர்த்த மது பானங்கள் தயாரித்த கம்பெனிகளை எச்சரித்தது.

இது பிறந்த கதையைப் பாருங்கள். 1943 வாக்கில் அயர்லாந்தின் ஃபொய்ன்ஸ் துறையில், மோசமான வானிலையால் திரும்பி வந்த கடல் விமானப் பயணிகளுக்குச் சமையல்காரர் ஜோ ஷெரிடன் கலந்து கொடுத்தாராம். குளிரில் நடுங்கிய பயணிகளுக்கு ஐயா, விமானிக்கு அல்ல!

வீட்டில் செய்யுங்கள். கிளாஸை வெந்நீரில் சூடாக்குங்கள், விஸ்கியை அளந்து ஊற்றுங்கள், சர்க்கரையைக் கரையுங்கள், லேசாக அடித்த கிரீமை ஸ்பூனின் முதுகில் வழியவிடுங்கள், கலக்காதீர்கள். ஆனால் முதலில் கார் சாவியை வாங்கி வையுங்கள். ஓட்டப் போகிறவருக்கு வெறும் காபி கொடுங்கள். அதையும் நல்ல காபியாகக் கொடுங்கள்.