பூட்டு தியேட்டர்ல... ஓட்டை எடிட்டிங் ரூம்ல!

ஏனாத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் காலேஜ் பசங்களைக் கேட்டுப் பாருங்கள். ரிலீஸ் ஆகாத படம் நெட்டில் வந்துவிட்டால் யார் காரணம்? "தமிழ்ராக்கர்ஸ்" என்று பட்டென்று பதில் வரும். சினிமாக்காரர்களைக் கேட்டாலும் அதே பதில்தான். கூடவே "ஓசியில் டவுன்லோடு பண்ணும் ஸ்டூடண்ட்ஸ்" என்று ஒரு குட்டு விழும்.

இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிலீஸ் ஆன படத்தைத் தியேட்டரில் செல்போனை ஒளித்து வைத்து எடுப்பது ஒரு ரகம். 2024 ஜூலையில் 'ராயன்' படத்தைத் திருவனந்தபுரத்தில் ஒரு தியேட்டரில் அப்படி எடுத்த மதுரைக்காரர் கையும் களவுமாகச் சிக்கினார். ரிலீஸுக்கு முன்பே வருவது வேறு ரகம். படமே வெளியே வராதபோது வெளியாள் எதைத் திருடுவான்? உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கை நீண்டால்தான் உண்டு. (ஹேக்கர் கதைகளும் உண்டு. ஆனால் போலீஸ் போய் நின்ற இடங்களைப் பாருங்கள்.)

2013 செப்டம்பர், 'அத்தாரிண்டிகி தாரேதி'. பவன் கல்யாண் படம். ஏறக்குறைய 90 நிமிடம் ரிலீஸுக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. படத்தில் வேலை செய்த ஒரு உதவியாளர் தெரிந்த கான்ஸ்டபிளுக்குக் கொடுக்க, அது கை மாறிக் கை மாறி ஆந்திராவில் பெடனா என்ற ஊரின் சிடி கடைக்குப் போனது. அலறிப்போய் ரிலீஸை செப்டம்பர் 27-க்கு முன்னால் இழுத்தார்கள்.

2015, 'பிரேமம்'. தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட்டில் பளிச்சென்று ஒரு பிரதி. அதில் சென்சார் காப்பி என்ற முத்திரை! திருவனந்தபுரம் சென்சார் அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கள் கைதானார்கள். அடுத்த வருடமே 'உட்தா பஞ்சாப்', ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பு, அதே மாதிரி சென்சார் முத்திரையோடு.

2017 ஆகஸ்டில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்புக்கு முன்பே கசிந்தது. நான்கு பேர் கைது. எல்லோரும் அந்தப் பகுதியைக் கையாண்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் அல்லது பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

2021 ஜனவரி 13-ல் வர வேண்டிய 'மாஸ்டர்' படத்தின் காட்சிகள் 11-ம் தேதியே உலா வந்தன. ஒன்றரை வருட உழைப்பு, தயவுசெய்து பகிராதீர்கள் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் கெஞ்ச வேண்டியது ரசிகர்களிடமா?

இனி பூட்டு கதைக்கு வருவோம். தியேட்டருக்குப் போகும் டிசிபி பிரதி என்கிரிப்ட் செய்யப்பட்டது. கேடிஎம் என்ற சாவி இல்லாமல் திறக்காது. அந்தச் சாவியும் குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாட்களுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். போதாததற்குக் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் வேறு. எந்தத் தியேட்டரில், எந்தக் காட்சியில் திருடினார்கள் என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

அருமை! ஆனால் இந்தப் பூட்டெல்லாம் கடைசி வாசலுக்குத்தான். அதற்கு முன்னால் அதே படம் எடிட்டிங், டப்பிங், பின்னணி இசை, கிராபிக்ஸ், கலர் கரெக்‌ஷன், சென்சார், வெளிநாட்டு விநியோகம், சப்டைட்டில் என்று ஊர் சுற்றி வருகிறது. பல இடங்களில் அது சாதாரண வீடியோ ஃபைல்தான். ஹார்ட் டிஸ்க்கில் போகும், லிங்க்கில் போகும், அவசரம் என்றால் பென்டிரைவிலும் போகும். எத்தனை பிரதி போனது, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை அழிக்கப்பட்டது?

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று வரும். சரக்கு யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது போனது, கையெழுத்து எங்கே? அவ்வளவுதான் அதன் சாரம். பக்கத்தில் காஞ்சிபுரத்து சொசைட்டியைப் பாருங்கள். நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். சேலை திரும்பி வரும்போது மறுபடியும் எடை. ஒரு சேலைக்கே இந்தக் கணக்கு. நூறு கோடி படத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கூடவா கிடையாது?

உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் குடவோலைக்கு நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. பொறுப்பில் இருந்தவனைத்தான் கேள்வி கேட்டார்கள், வழியில் போனவனை இல்லை.

இங்கே நடப்பதோ தலைகீழ். 2004-ல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள். 2018-ல் '2.0' வருவதற்கு முந்தைய நாள், 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி 3 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம் என்றார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் எல்லாமே கடைசிக் கையைப் பிடிக்கும் ஏற்பாடு.

சாஃப்ட்வேர் உலகத்திலும் இதே கூத்துதான், அதுவும் ஐம்பது வருடமாக! 1975-ல் பில் கேட்ஸ் கோஷ்டி எழுதிய ஆல்டேர் பேசிக், முறையாக விற்பனைக்கு வருமுன்பே, கலிபோர்னியாவில் நடந்த ஒரு செயல்விளக்கத்தில் அதன் காகித நாடா காணாமல் போனது. டஜன் கணக்கில் பிரதி எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் திறந்த கடிதம் எழுதி, கம்ப்யூட்டர் ஆர்வலர்களில் பெரும்பாலானவர்கள் திருடுகிறீர்கள் என்று சாடினார். நாடாவை யார் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கும் பின்சீட்டில்தான்.

"அப்போ டவுன்லோடு பண்ணலாம்னு சொல்றீங்களா?" என்று ஹாஸ்டல் பக்கம் ஒரு கை உயரும். உட்காரு தம்பி! டிக்கெட் விலை அதிகம், பாப்கார்ன் விலை அநியாயம், இதெல்லாம் ரிலீஸ் ஆன படத்துக்குச் சொல்லும் சாக்கு. ரிலீஸே ஆகாத படத்துக்கு அது கூடச் செல்லாது. பத்து நாள் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டை ஒருவன் திறந்து போட்டுவிட்டுப் போனான் என்பதற்காக உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வர முடியுமா?

ஆனால் ஒன்று. மேலே சொன்ன சம்பவங்களில் பிடிபட்டது யார் என்று மறுபடி படியுங்கள். உதவியாளர், தற்காலிக ஊழியர். தப்பு செய்தவருக்குத் தண்டனை வேண்டும், சரி. அந்தப் பிரதியை அவர் எடுத்துப் போகும்படி வைத்திருந்த பெரிய தலைகளுக்கு? நோட்டுப் புத்தகம் இல்லாத இடத்தில், அடுத்த முறை கசிந்தால், ஒரு தப்பும் செய்யாத உதவி எடிட்டர் மேல்தான் முதல் சந்தேகம் விழும். தன் கை சுத்தம் என்று நிரூபிக்க அவரிடம் ஒரு கையெழுத்து கூட இருக்காது. பிரதிக்கு ஒரு பெயர், அந்தப் பெயரின் வாட்டர்மார்க், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. இது முதலாளியின் பணத்தை மட்டுமல்ல, சம்பளம் குறைவாக வாங்கும் அந்த ஆளின் மானத்தையும் காப்பாற்றும்.

அதைச் செய்துவிட்டு வந்து ஸ்டூடண்ட்ஸைத் திட்டுங்கள் சாமிகளா. வாங்கிக் கொள்ளலாம்.