வென்றவருக்கு என்றென்றும் இடமா?

வெற்றி பெற்றவரைப் போற்றுவது நல்ல பண்பு. ஆண்டு விழாதோறும் பரிசு பெற்றவர்களின் பெயர்களை மேடையில் வாசிக்கிறார்கள். நாமும் கை வலிக்கத் தட்டுகிறோம். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் ஒருமுறை வென்றவருக்கு, அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும், போட்டியே இல்லாமல் ஓர் இடத்தை ஒதுக்கி வைப்பது சரியா? புகழ் வேறு, இடம் வேறு அல்லவா?

மாணவர்களுக்கான ரோபோ போட்டிகளை முன்னிட்டு எழுந்துள்ள இக்கேள்வியைப் பற்றி என் கருத்தை எழுத விரும்புகிறேன். எங்கோ நடக்கும் கதை என்று தோழியர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த ஆண்டு இக்கேள்வி நம் பள்ளியின் வாசலுக்கே வந்திருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டில் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவது போல அறிவியல் கற்கும் பிள்ளைகளையும் கொண்டாட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 குழுக்களுடன் முதல் போட்டி நடந்தது. இப்போதோ பல நாடுகளிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிக் குழுக்கள் அதில் கலந்துகொள்கின்றன. ஜனவரி மாதத்தில் அந்த ஆண்டுக்குரிய ஆட்டம் அறிவிக்கப்படும். சில வாரங்களுக்குள் ரோபோவைச் செய்து முடிக்க வேண்டும். களத்தில் மூன்று ரோபோக்கள் ஒரு பக்கம், மூன்று ரோபோக்கள் மறுபக்கம். ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். பல ஊர்களில் நடக்கும் சுற்றுகளில் தேறியவர்கள் ஹூஸ்டன் நகரில் நடைபெறும் உலகப் போட்டிக்குப் போவார்கள். அங்கே ஏறத்தாழ 600 குழுக்களுக்குத்தான் இடம்.

இப்போட்டியின் மிக உயர்ந்த விருது ஆட்டத்தில் வென்ற ரோபோவுக்கு உரியதன்று. தன் ஊரில் அறிவியல் ஆர்வத்தைப் பரப்பி, மற்றக் குழுக்களுக்கு வழிகாட்டியாக நிற்கும் குழுவுக்கே அது வழங்கப்படுகிறது. நெடுங்காலம் ‘சேர்மன் விருது’ என்று இருந்த அதன் பெயர் இப்போது ‘இம்பாக்ட் விருது’. உலகப் போட்டியில் இவ்விருதைப் பெறும் குழு ‘புகழ் மண்டப’த்தில் சேர்க்கப்படும். புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற குழு, தகுதிச் சுற்றில் தேறாவிட்டாலும் உலகப் போட்டிக்கு வரலாம் என்னும் விதி பல ஆண்டுகள் இருந்தது. 1992 முதல் விடாமல் கலந்துகொண்டு வந்த குழுக்களுக்கும் அதே சலுகை தரப்பட்டது.

இந்த விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் எளிதில் தள்ளக் கூடியவை அல்ல. புதிய குழுக்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சிறந்த குழுக்கள் கண்முன் இருக்க வேண்டும் என்கிறார்கள். தொண்டு செய்தவரை ஒரு நாள் பாராட்டி மறு நாள் மறப்பது நன்றி கெட்ட செயல் என்கிறார்கள். ஒரு குழுவைப் பல ஆண்டுகள் கட்டிக் காப்பது எவ்வளவு கடினம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். இவை யாவும் உண்மையே. இருந்தாலும் அந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை.

முதற் காரணம், மாணவர் என்பவர் கடந்து செல்பவர். பள்ளியின் பெயர் நிற்கும். பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். நான்கைந்து ஆண்டுகளில் ஒரு குழுவில் உள்ள அத்தனை முகங்களும் மாறிவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் விருது வாங்கிய மாணவியின் மகளே இன்று பள்ளிக்கு வரும் வயதில் இருக்கலாம். அப்படியானால் தானாக வரும் இடம் யாருக்குக் கிடைக்கிறது? வென்றவருக்கு அன்று, வென்றவர் உட்கார்ந்த பெஞ்சில் பிறகு வந்து உட்கார்ந்தவருக்கு! நம் ஊர் மலையில் கார்த்திகைதோறும் தீபம் ஏற்றுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய நெய், புதிய திரி. சென்ற ஆண்டுச் சுடரைச் சொல்லி இந்த ஆண்டுக் கொப்பரையை வெறுமையாக வைக்க முடியுமா?

இரண்டாம் காரணம், இடங்கள் குறைவு. இதற்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. அது ரோபோ போட்டியன்று, சதுரங்கம். உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போகும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ‘கேண்டிடேட்ஸ்’ போட்டி நடக்கிறது. அதில் எட்டே நாற்காலிகள். நம் விசுவநாதன் ஆனந்த் 2013 நவம்பரில் சென்னையில் மாக்னஸ் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். பட்டத்தை இழந்தவர் என்னும் முறையில், அடுத்த கேண்டிடேட்ஸ் போட்டியில் அவருக்குத் தானாகவே ஓர் இடம் கிடைத்தது. ஆனந்தின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் பேசிக்கொண்டிருந்தனர். ஆனால் 2014 மார்ச்சில் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க் நகரில் பதினான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அவர் முதலிடம் பெற்றார்.

“பார்த்தாயா! தானாக வந்த இடம்தானே அவருக்கு இந்த வெற்றியைத் தந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சலுகையின் அளவைக் கவனியுங்கள். இடம் கிடைத்தது, பட்டத்துக்காக ஆடிய அதே மனிதருக்கு. அதுவும் அடுத்த ஒரு போட்டிக்கு மட்டும். 2014 இறுதியில் மீண்டும் கார்ல்சனிடம் தோற்றதால் 2016 கேண்டிடேட்ஸிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அதில் முதலிடம் வரவில்லை. அத்தோடு சலுகை முடிந்தது. ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர் என்பதற்காக 2018 போட்டியில் அவருக்கென்று யாரும் நாற்காலி போட்டு வைக்கவில்லை.

முன்னாள் சாம்பியன்கள் எல்லாருக்கும் வாழ்நாள் முழுவதும் இடம் உண்டு என்று விதி இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்பாஸ்கி, கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக், ஆனந்த், கார்ல்சன், இன்னும் கலிஃப்மன், பொனமரியோவ், காசிம்ஜானோவ், டோபலோவ் என்று 2024 ஏப்ரலில் வாழ்ந்துகொண்டிருந்த முன்னாள் சாம்பியன்களை விரல்விட்டு எண்ணினால் பத்துப் பேர் வருகிறார்கள். நாற்காலிகளோ எட்டு! அவர்களுக்கே இடம் போதாதபோது, சென்னையின் பதினேழு வயது குகேஷ் எங்கே உட்கார்ந்திருப்பார்? அந்த ஏப்ரலில் டொராண்டோவில் குகேஷ் முதலிடம் பெற்றதும், டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதும் நாம் அறிந்தவை. அவருக்காக ஒரு நாற்காலி காலியாக இருந்ததால்தான் அது நடந்தது.

மூன்றாம் காரணம், தானாக வரும் இடம் பெறுகிறவருக்கே நல்லதன்று. உலகக் கோப்பைக் கால்பந்தில் முந்தைய சாம்பியன் தகுதிச் சுற்றில் ஆட வேண்டியதில்லை என்னும் வழக்கம் 2002 வரை இருந்தது. அந்த ஆண்டு அப்படி நேரே வந்த பிரான்சு, முதற் சுற்றில் ஒரு கோல்கூடப் போடாமல் வீடு திரும்பியது. அதன் பிறகு அச்சலுகை எடுக்கப்பட்டது. 2006 போட்டிக்கு, நடப்புச் சாம்பியனான பிரேசிலே தகுதிச் சுற்றில் ஆடித்தான் வந்தது. நான்கு முறை கோப்பை வென்ற இத்தாலி 2018இலும் 2022இலும் தகுதி பெறவில்லை. ஐயோ பாவம் என்று யாரும் கதவைத் திறந்துவிடவில்லை.

நம் நாட்டு ஹாக்கியை நினைத்துப் பாருங்கள். 1928 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக் தங்கங்கள்! எட்டாவது தங்கம் வென்ற மாஸ்கோ அணிக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். இவ்வளவு பெருமை இருந்தும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஆடவர் அணி தகுதி பெறவில்லை. எண்பது ஆண்டுகளில் முதன்முறையாக இந்தியா இல்லாத ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. நாடே தலை குனிந்தது. எட்டுத் தங்கம் வென்ற நாடாயிற்றே என்று அன்று ஓர் இடம் தந்திருந்தால், நோய் இருப்பதே தெரியாமல் போயிருக்கும். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2012இல் லண்டனில் நமக்குக் கிடைத்தது கடைசி இடம்தான். ஆனால் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் வெண்கலம் வந்தது. 2024இல் பாரிசிலும் வந்தது. உழைத்துப் பெற்ற வெண்கலம், இரக்கத்தால் பெற்ற இடத்தைவிட மேலானது.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு ரோபோ போட்டியில் நம் மேல்வகுப்பு அக்காமார் நால்வர் முதற்பரிசு பெற்றது உங்களுக்கு நினைவிருக்கும். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானே கண்டறிந்து அதன் வழியே ஓடும் சிறு வண்டி அது. வண்டியின் அடியில் உள்ள சென்சார், வெள்ளைத் தரையில் திரும்பி வரும் ஒளிக்கும் கறுப்புக் கோட்டில் திரும்பாத ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து, இடது வலது மோட்டார்களின் வேகத்தை மாற்றும். எத்தனை மாலைகள் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எரிந்தது என்பது காவலாளித் தாத்தாவுக்குத் தெரியும். அந்த நால்வரில் மூவர் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள்.

இந்த ஆண்டு போட்டி நடத்துவோரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. சென்ற ஆண்டு வென்ற பள்ளிகள் முதற் சுற்றில் கலந்துகொள்ளாமல் நேரே இறுதிச் சுற்றுக்கு வரலாமாம். படித்ததும் வகுப்பில் ஒரே ஆரவாரம்! “நமக்குக் கஷ்டம் மிச்சம்” என்றாள் ஒரு தோழி. “போக வரச் செலவு மிச்சம்” என்றாள் மற்றொருத்தி. செலவைப் பற்றிச் சொன்னது பெற்றோர் பலருக்கும் பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் கேட்கிறேன்: நேரே போகப்போவது யார்? சாலிடரிங் இரும்பை இதுவரை கையில் பிடிக்காத நாம்! நம் மேசையில் இருப்பது அக்காமாரின் வண்டி. நம் தலையில் இருப்பது அக்காமாரின் புகழ். அப்பன் வெட்டின கிணறு என்று உப்புத் தண்ணீரைக் குடிப்பார்களா? முதற் சுற்றில் தோற்றால் என்ன தெரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். நேரே போய்த் தோற்றால் அக்காமார் வாங்கித் தந்த பெயரும் போகும்.

மேலும், இறுதிச் சுற்றில் இருப்பவை சில இடங்களே. செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் அட்டைப்பெட்டியில் ரோபோவை வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, பேருந்தில் நின்றபடி வரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பள்ளியின் பெயர் எந்தப் பலகையிலும் இன்னும் எழுதப்படவில்லை. நாம் சும்மா உட்காரும் ஒவ்வோர் இடமும் அப்படிப்பட்ட ஒருத்தியின் இடம். சென்ற ஆண்டு நம் அக்காமாரும் பெயரில்லாதவர்களாகத்தானே போனார்கள்? அவர்களுக்கு இடம் இருந்தது. இன்று அவ்விடத்தை அடைத்துக்கொள்வது நியாயமா?

அப்படியானால் வென்றவரை எப்படித்தான் கௌரவிப்பது? அதற்கும் ஆனந்திடமே விடை இருக்கிறது. 2020இல் இளம் வீரர்களுக்கென்று ஒரு பயிற்சி அமைப்பில் அவர் வழிகாட்டியாக இறங்கினார். குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அதில் பயின்றவர்கள். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது அவர் பலகை முன் அமரவில்லை. இந்திய அணிகளுக்கு ஆலோசகராக நின்றார். நாற்காலியை விட்டுக் கொடுத்ததால் அவர் புகழ் குறைந்ததா, வளர்ந்ததா?

ஆகையால் என் கருத்து இதுதான். வென்ற குழுவின் பெயரைப் பலகையில் பொன் எழுத்தில் எழுதுங்கள். விழாவுக்கு விருந்தினராக அழையுங்கள். நடுவராக, புதிய குழுக்களுக்கு ஆசிரியராக அமர்த்துங்கள். பட்டம் வென்ற அதே மாணவியர் இன்னும் பள்ளியில் இருந்தால், அடுத்த ஓர் ஆண்டுக்கு மட்டும் சலுகை தந்தாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பள்ளியின் பெயருக்காக ஆண்டாண்டு தோறும் இடம் வேண்டாம். விருது என்பது சென்ற நாளுக்குத் தரும் நன்றி. இடம் என்பது இன்றைய உழைப்புக்குத் தரும் வாய்ப்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கேட்கக் கூடாது.

நம் பள்ளி அக்கடிதத்துக்கு நன்றி கூறி, முதற் சுற்றிலிருந்தே ஆட விரும்புகிறோம் என்று பதில் எழுத வேண்டும் என்று தலைமைச் சகோதரி அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரியில் இருக்கும் அக்காமார் விடுமுறையில் வந்து ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்குச் சாலிடரிங் கற்றுத்தர வேண்டும் என்றும் அவர்களை அன்போடு அழைக்கிறேன். தோழியரே, நாம் வரிசையில் நிற்போம். நம் முறை வரும்போது நம் வண்டியோடு போவோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி